பிழிஞ்ச கிழங்கு எங்க?

இன்னும் படபடப்பு அடங்கேல்லை.

வேலையிடத்துச் சிநேகிதி மிரியம், எனக்கு லட்கே செய்யப் பழக்க இண்டைக்கு வீட்டுக்கு வந்தவ. அது மொறுமொறு எண்டு பொரிக்கிற உருளைக்கிழங்கு ரொட்டி.

வீட்டில இருந்த கிழங்கு முழுக்கத் துருவி, துணியில கட்டித் தந்து, "நல்லாப் பிழி" எண்டா.

இருபது வருசமாத் தேங்காய்ப்பால் பிழிஞ்ச கை. விடுவனோ?

பிழிஞ்சு முடிய மிரியம், "கிழங்கு எங்க?" எண்டு கேட்டா.

நான் பெருமையாத் தண்ணிச் சட்டியை நீட்டினன். சக்கையை அப்பவே குப்பையில கொட்டிட்டன்!

மிரியம் குப்பை வாளியை எட்டிப் பாத்தா. பிறகு தண்ணியை மெல்ல ஊத்திப்போட்டு, அடியில ஒட்டியிருந்த வெள்ளை மாவைக் காட்டினா.

"மொறுமொறுப்பு இதாலதான் வரும். இதைத்தான் எல்லாரும் தவறி ஊத்துறது."

மொறுமொறுப்பைக் காப்பாத்திட்டன். லட்கேதான் குப்பையில கிடக்கு.

தேங்காய்ப்பால் பிழியிற ஆக்களே, உண்மையைச் சொல்லுங்கோ: நீங்கள் எண்டால் எதைக் கொட்டியிருப்பியள்?