அச்சுக்கூடத்து வெள்ளைக்காரரின் சொந்தங்கள்

இன்று காலை மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயிலுக்கு நின்றபோது கைபேசியில் ஒரு மின்னஞ்சல். உங்களுக்குப் புதிய உறவினர் ஒருவர் கிடைத்திருக்கிறார் என்கிறது, வம்சாவளி தேடித்தரும் ஒரு நிறுவனம். ஆறு வருடமாக அனுப்புகிறார்கள். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த நிறுவனத்தில் கணக்குத் தொடங்கியது என் தங்கை ரஞ்சிக்காக. ஊரை விட்டு வந்தபின் இங்கே லின்ஃபீல்டில் ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்கு இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றவேண்டும். கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான், என்னுடையது பொருந்தவில்லை. கொடையாளர் பட்டியல்களிலும் ஒருவரும் இல்லை. குடும்பத்தில் வேற்றினக் கலப்பு ஏதும் உண்டா என்று மருத்துவர் கேட்டபோதுதான் அப்பா சொல்லும் கதை ஞாபகம் வந்தது. அப்பாவின் பூட்டன் ஓர் அமெரிக்கர். யாழ்ப்பாணத்தில் மிஷன் அச்சுக்கூடம் நடத்த வந்து எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டியவர். அவ்வளவு தூரத்து உறவில் அநேகமாகப் பொருந்தாது என்றார் மருத்துவர். நான் அந்த ‘அநேகமாக’வைப் பிடித்துக்கொண்டேன்.

வேலைக்கு லீவு போட்டு நூலகத்தில் மிஷன் அறிக்கைகளைப் புரட்டினேன். பூட்டன் வெர்மான்ட் மாநிலத்துக்காரர் என்று தெரிந்ததும், அவருடைய ஊரில் அதே குடும்பப்பெயர் உள்ள எல்லோருக்கும் கடிதம் எழுதினேன். கறுப்பு மனிதன் ஒருவன் மஜ்ஜை கேட்டு எழுதினால் யார் நம்புவார்கள்? இன்னொரு முறை எழுதினால் போலீசுக்குப் போவேன் என்று ஒருவர் பதில் போட்டார்.

எலன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை மட்டும் நம்பினார். பூட்டனின் தம்பி வழி வந்தவர். காய்ச்சலில் ஊர் திரும்பிய பூட்டன் மறுபடி கப்பலேற முடியாமலே இறந்துபோனாராம். அவர் மிஷனுக்கு எழுதிய கடிதம் ஒன்றை எலன் படமெடுத்து அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த மகள் எழுதப் பழகிவிட்டாளா என்று அதில் பூட்டன் கேட்டிருந்தார். எலனும் நான்கு பேரப்பிள்ளைகளும் பரிசோதனைக்குப் போனார்கள்.

ஒருவருடையதும் பொருந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ரஞ்சியின் கட்டிலருகே போய் நின்றேன். அவளாகவே விளங்கிக்கொண்டாள். “முகம் தெரியாத எனக்காகப் போய்ப் பாத்திருக்கினம். எங்கட சனம்தான் அண்ணா” என்றாள். பிறகு, “இண்டைக்கு நூலகத்துக்குப் போகாதேங்கோ. இதில என்னோட இருந்து கதையுங்கோ” என்றாள்.

பூட்டனுக்கு ஒரு தங்கையும் இருந்ததாக எலன் எழுதியிருந்தார். அந்த வழியைப் பார்த்துவிட்டால் போதும், நாளைக்கு வந்து இருக்கிறேன் என்றேன்.

“ஓம், போய்ட்டு வாங்கோ.”

மறுநாள் நான் போனபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. அதன்பின் மூன்று நாள்தான் இருந்தாள்.

எலனும் போய்விட்டார். லின்ஃபீல்ட் வீட்டை இடித்து நான்கு வீடாகக் கட்டிவிட்டார்கள். பூட்டனின் தங்கை வழியில் பதினேழு பேரைக் கண்டுபிடித்தேன். எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார்கள். அண்ணா என்று கூப்பிட ஒருவரும் இல்லை.