ஹமீது சொன்ன உதாரண வாக்கியம்

போன வாரம் மூன்று நாள் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. எல்லாம் ஒரே ஒரு உதாரண வாக்கியத்தால்!

என் எஸ்பெராண்டோ பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்கு: அது ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து உருவாக்கிய பாஷை. எங்கள் ஜில்லாவில் யாருக்கும் அது தாய்மொழி இல்லை. ஞாயிறுதோறும் நாகர்கோவிலில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நாலைந்து பேர் கூடிப் பேசிப் பழகுகிறோம். நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை தமிழுக்குத் தடை. டீக்காரர் வந்து "சீனி போடணுமா?" என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவோம்.

ஆளுக்கொரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். அன்றைக்கு நான் கொண்டுபோனது, 'பூனை பாலைக் குடித்துவிட்டது.' எவ்வளவு பெரிய சிந்தனை, பாருங்கள்!

அடுத்தது ஹமீது. தேங்காய்ப்பட்டணத்துக்காரர், கல்ஃபில் ஏசி மெக்கானிக், லீவில் வந்தவர். தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: 'என் விசா ரத்து செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.'

"அருமையான உதாரணம்!" என்று எஸ்பெராண்டோவிலேயே கத்தினார் பால்ராஜ் சார். ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், எங்கள் இலக்கண போலீஸ்.

ஆரம்பித்தது யுத்தம். ரத்தாகி முடிந்துவிட்டதா, ரத்தாகிக்கொண்டிருக்கிறதா? எதற்கு எந்த விகுதி? சார் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. போர்டில் எழுதுவதும் அழிப்பதுமாக அரை மணி நேரம்! நடுவில் ஹமீது ஏதோ சொல்ல வந்தார். "முதலில் வினையைச் சரியாகச் சொல்லுங்கள்" என்று ஒருவர் அவரை அடக்கினார்.

ஆமாம்... நான்தான். ஐந்து மணிக்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் பொறி தட்டியது. இரண்டு மாத லீவு என்று வந்தவர் நாலு மாதமாக வகுப்புக்கு வருகிறாரே! அது உதாரணமா... உண்மையா?

ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. செவ்வாயும் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் வெப்ராளம் என்பார்களே, மனசு கிடந்து அடித்துக்கொள்வது... அதேதான். புதன்கிழமை தேங்காய்ப்பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்திருந்தது. ஹமீது தனியாக நின்றார். நேரே கேட்டேன்.

"அந்த விசா காரியம் உள்ளதுதானா?"

"உள்ளதுதான் அண்ணாச்சி. வீட்டுல லீவ நீட்டியிருக்குண்ணு சொல்லி வச்சிருக்கேன்."

"அத எங்ககிட்ட தமிழில சொல்லப்பிடாதா?"

"தமிழில வாயெடுத்தா அழுகதான் வருது அண்ணாச்சி. அந்தப் பாஷையில நான் இதுவர அழுததே இல்ல பாத்துக்கிடுங்க... அதான் அதுல சொல்லிப் பாத்தேன். நீங்க ரெண்டுபேரும் விகுதியப் புடிச்சிட்டு நிண்ணிய!"

அவர் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. "தப்பு எனக்கதுதான், மன்னிச்சிரும்" என்றேன். உலகத்து மனிதர்களெல்லாம் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் அந்த டாக்டர் அந்தப் பாஷையை உருவாக்கினாராம். நாங்கள் புரிந்துகொண்ட லட்சணம் இது! எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சொல்கிறார் என்று நோட்டம் பார்ப்பது எஸ்பெராண்டோக்காரர்களுக்கு மட்டுமா வாய்த்திருக்கிறது?

"இண்ணைக்கு வீட்டுல சொல்லிருதேன் அண்ணாச்சி" என்று பஸ் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்தும் நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஏழு மணிக்கு அடித்தது.

"சொல்லியாச்சு அண்ணாச்சி. தமிழிலதான். அழுதுட்டே சொன்னதுல பாதி வார்த்த வெளிய வரல."

"வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?"

"அவ முழுசும் கேட்டுட்டு இருந்தா... ஒரு எடத்துலயும் திருத்தல."