வீரபாகு கோத்த முப்பத்தொரு அட்டைகள்

பெயர்: வீரபாகு. வயது: இருபத்தொன்பது. ஊர்: காஞ்சிபுரம். படிப்பு: எட்டாம் வகுப்பு. இயந்திர அறிவு: இல்லை.

1973-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தபோது அவரைப் பற்றி இப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். குமாஸ்தா கேட்டது ஒரே கேள்வி: "மெஷின் எதுனா ஓட்டுவியா?" வீரபாகு எதையும் ஓட்டியதில்லை. பட்டுத்தறியின் ஜக்கார்டு மெஷினுக்கு அட்டை அடிப்பதுதான் அவர் தொழில். அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் கிடக்கும். முந்தானையில் அன்னம் வருவதும் யானை வருவதும் அவர் கையில்தான். இதையெல்லாம் விளக்க அரைமணி நேரம் ஆகும். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய சித்தப்பா மகன் சபாபதி சென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் உதவியாளன். ஒருமுறை ஊருக்கு வந்தவன், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை, அடையாளத்துக்கு உள்ளே வைத்திருந்த துளையிட்ட அட்டையோடு மறந்துவிட்டுப் போனான். வீரபாகு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம்ம அட்டைதானே! அன்றிலிருந்து ஒன்றரை வருடம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித்தரும் அந்தப் புத்தகத்தை விடவில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் புரோகிராம். அத்தனை சந்தோஷம். ஆனால் அவருக்குச் சந்தோஷம் வந்தால் தூக்கம் போய்விடும்.

"கம்ப்யூட்டர கண்ணால பாக்காமலே அதுக்கு வேல செஞ்சிக்கினு இருக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி வள்ளி.

"சாமிய பாத்துட்டா எல்லாரும் கும்புடறாங்க?"

எழுதியதில் தேறியது ஒரு புரோகிராம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்களை, அதாவது பகா எண்களை, ஆயிரம் வரை கண்டுபிடிப்பது.

"கண்டுபுடிச்சி?"

"எனக்கு எல்லாம் தெரியும். மெஷினுக்குத் தெரியுதான்னு பாக்கணும்."

சபாபதி யார் யார் காலிலோ விழுந்து ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கினான். பன்னிரண்டு மணிக்குள் ஓட்டிவிட வேண்டும். அதன்பின் பரீட்சை வேலை. வெளியாள் யாருக்கும் இடமில்லை. முந்தின சனிக்கிழமையே வீரபாகு அங்கே போய், அட்டை அடிக்கும் மெஷினில் முப்பத்தொரு அட்டைகளை அடித்து, சரிபார்க்க வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். ஒரு வாரத்தில் பதினேழு முறை சரிபார்த்தார். தப்பில்லை. அதனால் வேறு பயம் பிடித்தது. பஸ்ஸில் பை சரிந்தால்? ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் யாராவது இடித்தால்? ஓர் அட்டை இடம் மாறினால் போதும், எல்லாம் போச்சு.

தறி அட்டைகள் இடம் மாறுவதில்லை. ஓரங்களில் துளையிட்டு, ஒன்றோடொன்று நூலால் கோத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை வீரபாகு அதையே செய்தார், அட்டைக்கு நான்கு துளை வீதம். வள்ளி இழுத்துப் பார்த்தாள். "குலுக்கினாலும் பிரியாது."

மறுநாள் பஸ்ஸில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாரத்தில் முதன்முறையாக நன்றாகத் தூங்கினார்.

கம்ப்யூட்டர் அறையில் சபாபதி பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். முப்பத்தொன்றும் கூடவே வந்தன.

"இன்னாண்ணா இது, மாலையா?"

"வரிச கலஞ்சிடுமேன்னு..."

"மெஷின் ஒண்ணொண்ணா இழுக்கும்ணா! நூலு சிக்கிச்சின்னா என் தோல உரிச்சிடுவாங்க."

"நூல அறுத்துடறேன்பா."

"நூல அறுப்ப, ஓட்டைய எத்தால அடைப்ப? அதையும் எழுத்துன்னு படிக்கும்."

ஒரு துளை கூடினாலும் என்ன ஆகும் என்பது அந்தக் கட்டடத்தில் அவரளவுக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்தான் நூற்றிருபத்துநான்கு துளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மணி பத்து ஐம்பது.

"விடுண்ணா. மெஷினயாவது பாத்துட்ட இல்ல?"

"வெத்து அட்டை இருக்குதா?"

அடிக்கும் மெஷின் முன்னால் இரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். வீரபாகு கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் பதறிப்போய் வழிவிட்டார்கள். கோத்த மாலையைப் பார்த்துப் பார்த்து அடித்தார். விரல் வேர்த்து இரண்டு அட்டைகள் வீணாயின. அவற்றை மறுபடி அடித்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு மெஷின் முப்பத்தொரு அட்டைகளையும் படித்தது. நூற்றறுபத்தெட்டு எண்கள் அச்சாகி வந்தன. வீரபாகு அங்கேயே நின்று, பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.