பாஸ் கிட்டாரும் கீத ஆராதனையும்

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, கப்பலில் வேலை பார்த்த மாமா எனக்கு ஒரு கிட்டார் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“என்னளா, நாலு கம்பிதான் இருக்கு? மிச்சம் ரெண்டையும் உன் மாமன் கடல்லயே போட்டுட்டு வந்துட்டானா?”

அது பாஸ் கிட்டார் என்றும், பாட்டுக்கு அடியில் இருந்து அதைத் தாங்குவதுதான் அதன் வேலை என்றும் மாமா விளக்கினார். ஸ்பீக்கர் வாங்கிவர மறந்திருந்ததால், எங்கள் மாப்பிள்ளையூரணி வீட்டில் அதன் சத்தம் அடுத்த அறைக்குக்கூடக் கேட்கவில்லை. கிட்டாரின் மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டு வாசிப்பேன். ஒலி பல் வழியாக மண்டைக்குள் போகும். அம்மாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

அப்பாவின் போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தேன். ஜாஸ் இசையில் பாஸ் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தட்டுக்கு ஒரு சுரம், நிற்கவே கூடாது. அது சீக்கிரம் பிடிபட்டது. பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதே விரல்கள் பையின் வாரில் அதை வாசித்தன. லத்தீன் அமெரிக்கத் தாளம்தான் பாடாய்ப் படுத்தியது. எல்லோரும் காலைத் தட்டுகிற முதல் தட்டில் பாஸ் வாசிப்பதே இல்லை. அங்கே வரவேண்டிய சுரத்தை முன்னாலேயே போட்டுவிட்டு, விருந்தாளி வருமுன் இலையைப் போட்டவர் மாதிரி ஒதுங்கி நின்றுவிடுகிறது. தாங்க வேண்டியதே நகர்ந்துவிட்டால் பாட்டு எப்படி விழாமல் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு என்னையும் பாடகர் குழுவில் சேர்த்தார்கள். அம்மா அதில் பல வருஷமாகப் பாடுகிறவர். கோயிலில் பெரிய ஸ்பீக்கர் இருந்தது. ஒத்திகையில் லேசாக அந்த லத்தீன் தாளத்தை வாசித்துப் பார்த்தேன். குழுவை நடத்திய அண்ணாச்சியின் கை அந்தரத்தில் நின்றது.

“ஏளா, முதல் தட்டுல எங்க போன?”

“வேணும்னுதான் விட்டேன், அண்ணாச்சி.”

“வேணும்னு விடுததுக்கு இது என்ன கோலியாட்டமா? ஒழுங்கா வாசி.”

ஒழுங்காகத்தான் வாசித்தேன், ஆராதனை அன்று மூன்றாம் சரணம் வரும்வரை. அதற்கு மேல் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் தட்டை விட்டேன். பாடிய அக்காமார் தடுமாறினார்கள். கீபோர்டு வாசித்த அண்ணன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பின்னாலிருந்து அம்மாவின் குரல் திடீரென்று பலத்தது. என்னைத் திட்டத்தான் அப்படிப் பாடுகிறார் என்று நினைத்து, திரும்பாமலே வாசித்தேன். பாட்டு விழவில்லை. ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசிச் சரணத்தில் கோயிலே மெல்ல அசைந்தது. அண்ணாச்சியின் தோள்கூட.

ஸ்கூட்டரில் அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், “இன்னொரு மட்டம் இப்படிச் செஞ்சா பாத்துக்க” என்றார். அம்மாவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. மார்கழிப் பனி என்று நினைத்தேன்.

என் பாஸ்தான் கோயிலை ஆட்டியது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் விட்ட முதல் தட்டையெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அம்மா தன் குரலால் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.