ஜிபார் அக்காவின் பென்சில் புள்ளி

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டார் நீட்டிய ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஜிபார் அக்கா பையிலிருந்து அட்டைகளை எடுப்பார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு தேயிலைப் பொட்டலத்தின் படம், ஒரு விலை. இரண்டிரண்டாக விரிப்பின்மேல் வைத்து, "இதுல எதை எடுப்பீங்க? என் மூஞ்சியப் பாக்காதீங்க, அட்டையப் பாருங்க" என்பார்.

ஓஷ் நகரத்து வீடுகளில் இருபது ஆண்டுகளாகக் கதவு தட்டுகிறார். ஒரு புதுச் சரக்கு கடைக்கு வருமுன் அதை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணிக்கிற வேலை. எங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஒரு சாபம் உண்டு. கேள்வி கேட்பவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி. விருந்தாளியின் மனம் கோணக்கூடாது. எதைக் காட்டினாலும் "கண்டிப்பா வாங்குவோம்" என்றுவிடுவார்கள். ஒருமுறை ஆப்ரிகாட் பழச் சாற்றுக்கு நூற்றுக்கு எண்பது பேர் அப்படிச் சொன்னார்கள். புட்டிகள் லாரி லாரியாக வந்து கடைகளில் தூசி படிந்து நின்றன. அந்த எண்பதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிய புத்திசாலி, அக்கா கொண்டுவரும் பதில்களைக் கூட்டிக் கணக்கெழுதும் நான்தான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. வழுக்கை விழுந்த பிறகும் நான் அவருக்குத் தம்பிதான். "கண்டிப்பாங்கறது பதில் இல்ல தம்பி, மரியாதை" என்றார். பதில்களைக் குறித்த தன் தாள்களைக் காட்டினார். சில பதில்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி. "இவங்கல்லாம் எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டவங்க. வாங்கப்போறவங்களுக்குத்தானே வழி வேணும்?" நூறு பேரில் பதினொரு பேருக்குத்தான் புள்ளி இருந்தது. சாறு வாங்கியவர்களும் ஏறக்குறைய அவ்வளவே. அன்றிலிருந்து நான் புள்ளிகளைத்தான் எண்ணுகிறேன்.

அக்காவின் மகன் எர்மெக் ரஷ்யாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். போய் ஐந்து ஆண்டுகள். ஞாயிறு தவறாமல் பேசுவான். "நோருஸுக்குக் கண்டிப்பா வர்றேம்மா" என்பான். மார்ச் இருபத்தொன்றில் வரும் எங்கள் புத்தாண்டு அது. போனை வைத்ததும் அக்கா சிரிப்பார். "நல்லாத்தான் வளத்திருக்கேன். என் மனசு நோகாமப் பேசுறான்." பஜாரில் ஆண்கள் சட்டை தொங்கும் கடையருகே அவர் நடை தளரும். துணியைத் தடவுவார், விலை கேட்பார், வாங்கமாட்டார். "இப்ப என்ன அளவோ." அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

போன ஞாயிறு அவர் வீட்டில் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். எர்மெக் அழைத்தான். நானும் கேட்கட்டும் என்று அக்கா சத்தத்தைக் கூட்டி வைத்தார். பனி, முட்டிவலி, மேஸ்திரியின் கெடுபிடி. நோருஸைப் பற்றி அக்கா கேட்கவில்லை. கேட்பதை விட்டே ஓர் ஆண்டாகிறது. அவனாகவே, "லீவு என்னாகுமோ தெரியலம்மா, பாக்கலாம்" என்றான். இந்த முறை அந்தக் "கண்டிப்பா"கூட இல்லை.

பிறகு அவன், "அம்மா, ஏர்போர்ட்லேருந்து நம்ம தெருவுக்கு அந்தப் பழைய வேன் இன்னும் ஓடுதா?" என்றான்.

"ஓடுதுப்பா. எட்டு மணி வரைக்கும் உண்டு" என்றார் அக்கா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தார். சுவர்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மார்ச் மாதத்தைத் திருப்பி, பென்சிலைச் சீவி, இருபத்தொன்றாம் தேதியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.