அருவிக்கரைச் சொதி

ஒரே தேங்காய்ப்பால் சொதி ஒருத்தி வைத்தால் மணக்கிறது, இன்னொருத்தி வைத்தால் ஏன் மணப்பதில்லை? நான் பட்டம் வாங்கியவள்தான். பதில் தெரியவில்லை.

இன்று மாலையும் என் கணவர் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அருவிக்கரையில் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஆச்சியிடம் சொதி வாங்கிக்கொண்டு குதிரை வண்டியில் தென்காசி வந்து சேர்ந்தார். நான் வைத்த சொதி அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.

“ஆச்சி கைப்பக்குவமே தனி. ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்.”

“அருவியில குளிச்சிட்டு வந்தா எதுவும் ருசிக்கத்தான் செய்யும்,” என்றேன்.

“ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்.”

அவர் கை கழுவப் போன நேரத்தில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சேர்த்து எழுதுவது:

என் சொதியையும் சோற்றையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நானும் அருவிக்குப் போனேன். அவர் குளித்துவிட்டு ஏறியதும், ஈரத் துண்டோடு உட்காரவைத்துப் பரிமாறினேன். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

வாளியை வழித்துக்கொண்டே சொன்னார்: “அருவியில குளிச்சா எதுவும் ருசிக்கத்தான் செய்யும். நீதான சொன்ன?”