பாலத்தடியில் நின்றவள்

நான் எழுதிக்கொண்டிருந்த கதையில் ஒரு பெண் ஸ்கூட்டியோடு கல்லடிப் பாலத்தடியில் நின்றாள். அவள் பாலத்தைக் கடந்து டவுனில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டும். கடந்தால்தான் கதை. நானோ முதலில் மழையைக் கொட்ட வைத்து அவளைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. பிறகு பெற்றோல் முடிந்தது.

நான் எழுதுவதை முதலில் வாசிப்பவர் மச்சாள். என் கணவரின் அக்கா, பக்கத்து வளவில் இருக்கிறார். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"என்ன புள்ள, பாலத்தக் கண்டா மட்டும் இவளுக்குப் பெற்றோல் முடியுது?"

"அவளுக்குப் பயம், மச்சாள்."

"அவளுக்கா, உனக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. லைசன்ஸ் எடுத்தும் நான் ஸ்கூட்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெற்கே மட்டும்தான் ஓட்டினேன். சாறியோ சவர்க்காரமோ, எல்லாம் பாலம் ஏறாமல் போகக்கூடிய காத்தான்குடியில்தான். கேட்டால் அங்கேதான் மலிவு என்பேன். டவுனில் அலுவல் என்றால் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். பாலத்தில் வாவிக்காற்று என்னை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம்.

"கடக்கிறது எப்பிடியிருக்கும் எண்டே எனக்குத் தெரியாது. எப்பிடி எழுதுறது?" என்றேன்.

"அப்ப வா, போய்ப் பாத்திட்டு வருவம்."

வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கணவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்ட அன்று பின்னால் இருந்தவர் மச்சாள்தான். அதன் பிறகு இரண்டு சில்லு வண்டி எதிலும் அவர் ஏறியதை நான் கண்டதில்லை. அப்படிப்பட்டவர் கணவரின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த கல்முனை பஸ் விடாமல் ஹோன் அடித்தது.

"அவன் அடிக்கட்டும். நீ உன்ட பக்கத்தால போ."

மச்சாளின் குரல் நடுங்கியது. அதைக் கேட்டதும்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. என்னைவிடப் பயந்த ஒருவர் என்னை நம்பி ஏறியிருக்கிறார், அவரை நடுப்பாலத்தில் விட முடியுமா? ஹோனைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டினேன். டவுன் பக்கம் இறங்கி நிறுத்திய பிறகும் மச்சாள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"திரும்பிப் போகவும் நீதான் ஓட்டணும், விளங்குதா?" என்றார்.

இப்போது பஸ்ஸை நான் எதிர்பார்ப்பதில்லை. நினைத்தால் டவுனுக்குக் கிளம்பிவிடுகிறேன். அன்று செய்ததற்கு நன்றி சொல்லப் போனால், "போ புள்ள, எனக்கும் டவுனில ஒரு அலுவல் இருந்தது" என்று மச்சாள் மழுப்புகிறார். அப்படி ஒரு அலுவலும் இருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்த கையோடு கதையை எழுதி முடித்தேன். அவள் தன்னந்தனியாக, தலை நிமிர்ந்து பாலத்தைக் கடந்தாள். வாசித்துப் பார்த்தால் முழுப் பொய்யாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, அவளுக்குப் பின்னால் ஒருவரை ஏற்றினேன்.